சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத எஞ்சின்: என் அனுபவம்

எங்கள் ஃபைபர் படகில் 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது). விடியலில் கரையில் இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொள்ளும். வலை போட இடத்துக்குப் போய் எஞ்சினை நிறுத்தி, 20 நிமிடம் கழித்து இழுத்தால் அசையாது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். காற்று ஏறும் நேரத்தில் அப்படிக் காத்திருப்பது பயமாகவே இருக்கும்.

முதலில், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் மீது சந்தேகப்பட்டு மாற்றினேன். பணம்தான் போனது. சூடாக இருக்கும்போதே பிளக்கைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் பார்த்தபோது பிளக் முழுக்க நனைந்திருந்தது. பொறியோ நன்றாக நீலமாக வந்தது. (பொறி பார்க்கும்போது பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது, கவனம்.)

சரி, பொறியில் குறையில்லை; எண்ணெய்தான் (எரிபொருள்) அதிகமாக இறங்குகிறது. எஞ்சினை நிறுத்திய கையோடு, எண்ணெயையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் வாயில் டார்ச் அடித்தேன். சொட்டு சொட்டாக வடிந்துகொண்டே இருந்தது. கார்புரேட்டருக்குள் எண்ணெய் வரும் வழியை அடைக்கும் மிதவை ஊசியின் நுனியில் வட்டமாகத் தேய்மானம். ஊசியையும் அது உட்காரும் இடத்தையும் சேர்த்தே மாற்றி, கார்புரேட்டரைக் கவிழ்த்து வைத்து மிதவையின் மட்டத்தைச் சரிசெய்தேன்.

இன்னொன்றும் இருந்தது. டேங்க் மூடியின் காற்றுத் திருகை மூடியே வைத்திருந்தேன். வெயிலில் டேங்க் உப்பி, அந்த அழுத்தமே தேய்ந்த ஊசியைத் தாண்டி எண்ணெயைத் தள்ளியிருக்கிறது.

கடலில் மாட்டிக்கொண்டால் எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டு, சோக் (காற்றைக் குறைக்கும் அடைப்பு) போடாமல், ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து ஆறேழு முறை இழுங்கள். பிடித்ததும் உடனே ஆக்ஸிலேட்டரைக் குறைத்து, குழாயை மாட்டிவிடுங்கள்.