திருட்டுக்காக நாடு கடத்தப்பட்டவரின் தடத்தைத் தேடுவது எப்படி?

1788 முதல் 1868 வரை பிரிட்டன் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கைதிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. பெரும்பாலோர் மீதிருந்த குற்றம் திருட்டு. அந்தக் காலத்து ஏழைகளில் இவர்கள் அளவுக்கு அரசாங்கக் காகிதத்தில் இடம்பிடித்தவர்கள் குறைவு. மேரி வேட் என்ற லண்டன் சிறுமியை வைத்து, தேடும் முறையைப் பார்ப்போம்.

படி 1: வழக்கு

லண்டன்காரர் என்றால், அந்நகரின் குற்றவியல் நீதிமன்றப் பதிவுகளைத் தரும் 'ஓல்டு பெய்லி ஆன்லைன்' தளத்துக்குப் போங்கள். 1674 முதல் 1913 வரையிலான விசாரணைகளை இலவசமாகப் படிக்கலாம். மேரி வேட் பெயரையும் 1789 ஜனவரியையும் கொடுத்தால் வழக்கு வந்துவிடும். தெருக்கூட்டிப் பிச்சையெடுத்துப் பிழைத்த பத்துப் பதினொரு வயதுப் பெண். ஜேன் வைட்டிங் என்ற இன்னொரு சிறுமியோடு சேர்ந்து, எட்டு வயதுக் குழந்தையின் கவுனையும் தொப்பியையும் கழற்றிக்கொண்டாள். ஆளிடமிருந்து பறித்ததால் வழிப்பறி, தீர்ப்பு, தூக்கு!

தீர்ப்போடு நின்றுவிடாதீர்கள். தூக்கு பல நேரம் நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. மேரிக்கும் அப்படித்தான், ஆயுளுக்கும். நீதிமன்றம், விசாரணைத் தேதி, தண்டனைக் காலம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், எழுத்தும் மாறும். மேரி ரீபி என்ற வேறொரு கைதி குதிரை திருடிப் பிடிபட்டபோது ஜேம்ஸ் பரோ என்று ஆண் பெயரில் இருந்தார்! பெயரைவிடத் தேதியை நம்புங்கள்.

படி 2: கப்பல்

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் எச்.ஓ. 11 (உள்துறையின் நாடு கடத்தல்) பதிவேடுகள் கப்பல்வாரியாக இருக்கும். விசாரணை நடந்த இடமும் தேதியும் பக்கத்திலேயே இருப்பதால், நீங்கள் குறித்துவைத்தது இங்கே உதவும். மேரி ஏறியது 'லேடி ஜூலியானா'. பெண் கைதிகளுடன் 1790 ஜூன் 3 அன்று சிட்னி வந்தது. ஆள் கிடைக்கவில்லையா? கப்பலேறுமுன் சிறையிலேயே இறந்தவர்களும் உண்டு.

படி 3: கரையிறங்கிய பிறகு

நியூ சவுத் வேல்ஸ் மாநில ஆவணக் காப்பகத்தின் அட்டவணைகளைப் பாருங்கள். ஏழு, பதினான்கு வருடத் தண்டனை என்றால், தண்டனை முடிந்ததும் தரப்பட்ட விடுதலைச் சான்றிதழைத் தேட வேண்டும். ஆயுள் கைதிக்கு அது கிடையாது. மன்னிப்பு ஆணையைத்தான் தேட வேண்டும். புதிதாகத் தேடுபவர்கள் இங்கேதான் வீணாக அலைகிறார்கள். மேரி வந்ததும் நார்ஃபோக் தீவுக்கு அனுப்பப்பட்டார், அதனால் தீவின் பதிவுகளையும் பார்க்க வேண்டும். டாஸ்மேனியா போனவர் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: உயரம், கண் நிறம், பச்சை குத்தியது வரை எழுதியிருப்பார்கள்.

அப்புறம் 1828 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வந்த கப்பலும் ஆண்டும் அதில் இருக்கும். பெண்களைக் கணவர் பெயரிலும் தேடுங்கள். மேரி வேட் பிற்காலத்தில் மேரி புரூக்கர்.

படி 4: இறப்பு

நியூ சவுத் வேல்ஸில் 1856 முதல் பிறப்பு, இறப்பு அரசுப் பதிவு தொடங்கியது. மேரி இறந்தது 1859 டிசம்பரில், ஆகவே பதிவு அலுவலக அட்டவணையில் தேடலாம். பழைய செய்தித்தாள்களுக்கு ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளம், அதுவும் இலவசம்.

வம்சாவளித் தளங்களில் மட்டும் உஷார். முன்னாள் பிரதமர் கெவின் ரட் மேரி வேடின் வழித்தோன்றல் என்பதால் மேரியைப் பற்றி எக்கச்சக்கமாக எழுதியிருக்கிறார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர். எந்தத் தகவலையும் கப்பல் பெயரோடும் விசாரணைத் தேதியோடும் ஒத்துப் பார்த்த பிறகே உங்கள் குறிப்பில் ஏற்றுங்கள்.