ஒரே ஃபைலில் இரண்டு புரோகிராம் கை வைத்தால்

ஒரு புரோகிராம் ஸ்டாக் ஃபைலில் 50 என்று படிக்கிறது, அது 49 என்று எழுதி முடிப்பதற்குள் இன்னொன்றும் அதே 50-ஐப் படித்து 49 என்றே எழுதிவிடுகிறது. விற்றது இரண்டு, குறைந்தது ஒன்று. லினக்ஸில் இதற்கு ஃப்ளாக் (flock) என்ற ஃபைல் பூட்டு இருக்கிறது. எழுதும்போது மட்டும் பூட்டினால் போதாது, படிப்பதற்கு முன்பே பூட்டி, எழுதி முடித்த பிறகுதான் விட வேண்டும்.

அப்புறம், பழைய ஃபைலின் மேலேயே எழுதாதீர்கள், நடுவில் கரண்ட் போனால் பாதி ஃபைல்தான் மிஞ்சும். அதே ஃபோல்டரில் புது ஃபைலாக எழுதி, எஃப்சிங்க் (fsync, எழுதியது டிஸ்க்கில் போய்ச் சேரும்வரை காத்திருப்பது) செய்து, பழைய பெயருக்கு ரீநேம் செய்யுங்கள். படிக்கிறவருக்கு முழுப் பழையதோ முழுப் புதியதோ கிடைக்கும்.

இங்கேதான் நான் ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன்: டேட்டா ஃபைலையே பூட்டியிருந்தேன். ரீநேம் ஆனதும் அந்தப் பெயரில் இருப்பது வேறு ஐநோட் (inode, பெயருக்குப் பின்னால் இருக்கும் நிஜ ஃபைல்), என் பூட்டு பழையதில் தொங்குகிறது, அடுத்த புரோகிராம் புதியதைப் பூட்டிக்கொண்டு தாராளமாக உள்ளே வருகிறது. அதனால் பூட்டுக்கென்று காலியாக ஒரு தனி ஃபைல் வையுங்கள், அதை அழிக்கவே அழிக்காதீர்கள். ஃப்ளாக் வெறும் மரியாதைப் பூட்டு. அதைக் கேட்காமல் எழுதுகிற புரோகிராமைத் தடுக்காது. இதெல்லாம் தலைவலி என்றால் எஸ்க்யூலைட்டுக்கு (SQLite, ஒரே ஃபைலில் இருக்கும் டேட்டாபேஸ், பூட்டுவதை அதுவே பார்த்துக்கொள்ளும்) மாறிவிடுங்கள், ஆனால் அந்த ஃபைலை நெட்வொர்க் டிரைவில் வைக்காதீர்கள்.