புதிய நகரில் பாதுகாப்பான குடியிருப்புப் பகுதியைத் தேடுவது எப்படி

வேலைக்காகவோ படிப்புக்காகவோ அறிமுகமில்லாத நகருக்குக் குடிபெயர்கிறவர்கள் முதலில் கேட்பது, எந்த ஏரியா பாதுகாப்பானது என்பதைத்தான். கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஓரிரு பகுதிகளின் பெயராக இருக்கும். ஆனால் அப்படி ஒரு பெயருக்குள் எத்தனையோ தெருக்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றில்தான் நீங்கள் குடியிருக்கப் போகிறீர்கள், இன்னும் சிலவற்றின் வழியாக நாள்தோறும் போய்வரப் போகிறீர்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளைக் குறித்து 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்நகரின் முகவரிகளில் ஏறத்தாழ 3 சதவீதத்திலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தது தெரியவந்தது. கெட்ட பெயர் எடுத்த பகுதியிலும் பெரும்பாலான தெருக்கள் அமைதியாகவே இருக்கலாம். நல்ல பெயர் எடுத்த பகுதியிலும் ஒதுங்கிப் போக வேண்டிய மூலைகள் ஓரிரண்டு இருக்கலாம். எனவே, நீங்கள் வெளியே நடமாடும் நேரங்களில் உங்களுக்குப் பாதுகாப்பான தெருவையும் அதற்குப் போகும் வழியையும் தேடுவதே சரியான தேடல்.

அதற்கு முதல் வேலை, உங்கள் அன்றாட வாழ்க்கையை ஒரு தாளில் எழுதிக்கொள்வதாகும். வீட்டிலிருந்து யார் எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள், எப்போது திரும்புவார்கள், பேருந்திலா ரயிலிலா சொந்த வண்டியிலா, பகலில் வீடு பூட்டிக் கிடக்குமா, குழந்தைகளோ முதியவர்களோ தனியாக இருக்க நேருமா என்பவற்றைக் குறித்துக்கொண்டால், எதைச் சோதிக்க வேண்டும் என்பது தானே புலப்படும். இரவுப் பணி முடித்து நள்ளிரவில் திரும்புகிறவருக்கும், மாலையில் காரில் வந்து வாசலிலேயே இறங்குகிறவருக்கும் ஒரே தெரு ஒரே அளவு பாதுகாப்பானதாக இருக்காது.

காவல்துறை குற்றப் புள்ளிவிவரங்களை வெளியிடும் நகரங்களில் அவற்றைப் பார்ப்பது நல்லது. ஆனால் பார்க்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். கடைவீதிகளும் ரயில் நிலையங்களும் உள்ள இடத்தில் குடியிருப்போர் குறைவு, வந்துபோவோர் அதிகம். அங்கு நடப்பவற்றைக் குடியிருப்போர் எண்ணிக்கையால் வகுத்தால் குற்ற விகிதம் உண்மைக்கு மீறி உயர்ந்து தெரியும். புகார் கொடுக்க மக்கள் அஞ்சும் இடங்களிலோ, கொடுத்தும் பயனில்லை என்று விட்டுவிடும் இடங்களிலோ எண்ணிக்கை குறைந்து தெரியும். எனவே மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, வீடு புகுந்து திருடுதல், வழிப்பறி, வாகனத் திருட்டு என்று வகை பிரித்து, சில ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பாருங்கள். அடுக்குமாடியின் மேல்தளத்தில் கார் இல்லாமல் வாழப் போகிறவருக்கு வாகனத் திருட்டு எண்ணிக்கையைவிட வழிப்பறி எண்ணிக்கை முக்கியம். கூகுள் மேப்ஸின் தெருக்காட்சியும் உதவும். ஆனால் படம் எடுக்கப்பட்ட மாதமும் ஆண்டும் அதிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும் என்பதால், அதைக் கவனிக்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

இவையெல்லாம் நேரில் போய்ப் பார்ப்பதற்கான முன்தயாரிப்பு மட்டுமே. தரகர் உங்களை அழைத்துச் செல்வது பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில், அதுவும் வண்டியில் என்பதால், அந்த ஒரு வருகையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. நீங்கள் வழக்கமாக வீடு திரும்பும் நேரத்திலேயே, நீங்கள் இறங்கப் போகும் நிறுத்தத்திலிருந்து அந்த வீட்டு வாசல் வரை நடந்து பாருங்கள். முதல் முறை துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது. விளக்குக் கம்பங்களை எண்ணுவதோடு நிற்காமல், அவற்றின் வெளிச்சம் தரையில் விழுகிறதா என்று பாருங்கள். மரக்கிளை மறைத்த விளக்கால் பயனில்லை. கண்ணைக் கூசவைக்கும் ஒரே ஒரு விளக்கும் தன் பின்னால் இருப்பதையெல்லாம் இருட்டாக்கிவிடும். எதிரே வருகிறவரின் முகம் பத்துப் பதினைந்து மீட்டர் தொலைவிலேயே தெரிந்தால் அந்த வெளிச்சம் போதுமானது. நீண்ட மதில்சுவர், காலி மனை, சுரங்கப்பாதை ஆகியவை வழியில் இருந்தால், நடுவில் விலகிச் செல்லக் குறுக்குத் தெரு உண்டா என்று கவனியுங்கள். எல்லாவற்றையும்விட, மனிதர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். திறந்திருக்கும் மருந்துக்கடை, வெளிச்சம் தெரியும் சன்னல்கள், தனியாக நிதானமாக நடந்துபோகும் பெண்கள், வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும் முதியவர்கள் ஆகியோர் இருக்கும் தெருவை, உயர்ந்த மதில்களும் கண்காணிப்புக் கேமராக்களும் மட்டுமே இருக்கும் தெருவைவிட நான் அதிகம் நம்புவேன். நடந்ததைக் கேமரா பிறகு காட்டும். குரல் கேட்டவுடன் எட்டிப் பார்ப்பவர் அக்கம்பக்கத்தவர்தான்.

வார நாளின் காலையிலும், விடுமுறை நாளின் இரவிலும் ஒருமுறை போய்ப் பார்ப்பது அவசியம். பகல் முழுவதும் எல்லோரும் வேலைக்குப் போய்விடும் குடியிருப்புகளில், பூட்டிய வீடுகளைக் குறிவைப்பவர்களுக்குப் பகல்தான் வசதி. வார நாட்களில் அமைதியாக இருக்கும் தெருவே, அருகில் மதுக்கூடம் இருந்தால் விடுமுறை இரவில் வேறு முகம் காட்டும்.

அங்கு வாழ்கிறவர்களிடம் பேசும்போது, இங்கே பாதுகாப்பாக இருக்குமா என்று கேட்டால், ஆமாம் என்ற பதிலே வரும். தம் தெருவை யாரும் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. அதனால் நடப்பைக் கேளுங்கள். இரவு எத்தனை மணி வரை தனியாக வெளியே போவீர்கள், வண்டியை எங்கே நிறுத்துவீர்கள், பிள்ளைகள் பள்ளிக்கு எப்படிப் போகிறார்கள், கடைசியாக இந்தத் தெருவில் போலீஸ் வந்தது எதற்காக, முன்பு இந்த வீட்டில் இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் போன்ற கேள்விகளுக்கு உண்மையான விவரங்கள் கிடைக்கும். பெண்களிடமும், பொருட்களை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் ஊழியர்களிடமும், இரவுக் காவலர்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே தெருவை ஆண்கள் சொல்வதும் பெண்கள் சொல்வதும் வேறாக இருந்தால், பெண்கள் சொல்வதையே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள், அங்கே இருப்பவர்கள் சரியில்லை என்று ஒருவர் சொன்னால், அங்கே என்ன நடந்தது, எப்போது நடந்தது, யாருக்கு நடந்தது என்று திருப்பிக் கேளுங்கள். பதிலில் நிகழ்ச்சி ஏதும் இல்லாமல், அங்கு வசிப்பவர்களின் வறுமையோ சமயமோ மொழியோ நிறமோ மட்டுமே இருந்தால், அது சொல்பவரின் வெறுப்பைத்தான் காட்டுகிறது. அத்தகைய பேச்சை நம்பி முடிவெடுப்பது பிறருக்கு இழைக்கும் அநீதி. நல்ல வீடொன்றை நீங்களே இழப்பதற்கும் அது வழியாகும்.

திருட்டுப் பயத்தில் நாம் மறந்துவிடும் ஆபத்துகள் வேறு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக்கு முதன்மைக் காரணம் சாலை விபத்துதான். பாதசாரிகளும் வாகனங்களும் கலந்து செல்லும் தெருக்களில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதே அந்நிறுவனத்தின் பரிந்துரை. எனவே குழந்தைகள் இருக்கும் குடும்பம், பள்ளிக்குப் போகும் வழியில் நடைபாதை தொடர்ச்சியாக உள்ளதா, எத்தனை பெரிய சாலைகளைக் கடக்க வேண்டும் என்பதைக் குற்றப் புள்ளிவிவரத்துக்கு இணையாகக் கருத வேண்டும்.

வெள்ளம் இன்னொன்று. தரைத்தளத்துச் சுவர்களில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கோடு, அந்த மட்டம் வரை மட்டும் உதிர்ந்த பூச்சு, இரும்புக் கதவின் கீழ்க்கீல் மட்டும் துருப்பிடித்திருப்பது, வழக்கத்தைவிட உயரத்தில் வைக்கப்பட்ட மின்சுவிட்சுகள், தெருவில் வீட்டுக்கு வீடு உயர்த்திக் கட்டிய வாசற்படிகள் ஆகியவை, தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைச் சொல்லிவிடும். புதிதாக வெள்ளையடித்த வீடாக இருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். சாலை மட்டம் வீட்டுத் தரையைவிட உயர்ந்திருந்தால், மழைநீர் எங்கே வடியும் என்று உரிமையாளரிடம் கேட்பதோடு, எதிர்வீட்டிலும் கேட்க வேண்டும். இயன்றால் மழை பெய்து ஓய்ந்தவுடன் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் வாசல் வரை வர முடியுமா, திருடனைத் தடுக்கப் போட்ட கம்பிகள் தீப்பிடித்தால் உள்ளிருப்பவர்களையும் அடைத்துவிடுமா, மாடிப்படியில் சாமான்கள் அடைத்துக் கிடக்கின்றனவா என்பவற்றையும் பார்த்துவிடுங்கள்.

இத்தனையும் ஓரிரு நாட்களில் செய்துவிட முடியாது என்பதால், இயன்றவர்கள் முதலில் ஒரு மாதம் தற்காலிகமாகத் தங்கி, அங்கிருந்தபடி நிலையான வீட்டைத் தேடுவதே சிறந்தது. நேரில் பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பக் கூடாது. படங்களைக் காட்டி, வேறு பலர் காத்திருக்கிறார்கள் என்று அவசரப்படுத்தி, பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் மோசடி எல்லா நாடுகளிலும் நடக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், எத்தனை நாள் முன்னறிவிப்புடன் காலி செய்யலாம், இடையில் விலகினால் முன்பணத்தில் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்ற இரண்டு பிரிவுகளையும் நிதானமாகப் படியுங்கள். எவ்வளவு பார்த்துத் தேர்ந்தாலும், குடியேறிய பின்புதான் தெரியவரும் விஷயங்கள் சில இருக்கவே செய்யும். அப்போது பெரிய இழப்பில்லாமல் வெளியேற இடம் தரும் ஒப்பந்தத்துக்காக வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் கொடுக்கலாம். சாவி கைக்கு வந்த அன்றே, உரிமையாளரின் அனுமதியோடு வாசற்கதவின் பூட்டை மாற்றிவிடுங்கள். முன்பு இருந்தவர்களிடம் எத்தனை சாவிகள் தங்கியிருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது.