தெரிந்த சொல்தான் காலை வாரிவிடும்: டொராண்டோவுக்குப் புதிதாக வருபவர்கள் அன்றாட ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொராண்டோவில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனவர், "கரண்ட் பில் யார் கட்டுவது?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். அவர் சொன்ன சொல் எல்லாமே ஆங்கிலம்தான். ஆனால் வீட்டுக்காரர் காதில் "இந்த மாதத்து பில்லை யார் கட்டுவது?" என்று விழுகிறது. அங்கே பேச்சில் 'கரண்ட்' என்றால் 'நடப்பு'. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் மின்சாரத்துக்குப் பெயர் 'ஹைட்ரோ'. நயாகராவின் நீர்மின்சாரத்தை ஊர்களுக்குக் கொண்டுசெல்ல 1906-ல் மாகாண அரசு அமைத்த ஆணையத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. நாளடைவில் மின்சாரத்துக்கே அது பெயராக ஒட்டிக்கொண்டது. விளம்பரத்தில் 'பிளஸ் ஹைட்ரோ' என்பதைத் தண்ணீர்க் கட்டணம் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால், மின்சார ஹீட்டர் ஓடும் வீட்டில் ஜனவரி மாத பில் உண்மையைச் சொல்லிக்கொடுக்கும்.

தெரியாத சொல் வந்தால் யாரும் ஃபோனை எடுத்துத் தேடிப் பார்த்துவிடுவார்கள். தெரிந்ததாக நினைக்கும் சொல்லைத் தேட மாட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அதிகச் செலவு வைப்பது இந்த இரண்டாம் வகைதான்.

ஊர் ஆங்கிலத்தை அப்படியே இறக்குவது

வீட்டு விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். 'பேச்சலர்' என்று போட்டிருந்தால் கல்யாணம் ஆகாதவருக்கு மட்டும் என்று அர்த்தமில்லை. தனிப் படுக்கையறை இல்லாமல் எல்லாம் ஒரே அறையில் இருக்கும் வீடு அது. கணவன் மனைவி இருவரும் தாராளமாகக் குடியிருக்கலாம். 'ஃபர்ஸ்ட் அண்ட் லாஸ்ட்' என்றால் முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் முன்கூட்டியே. ஊரில் 'அட்வான்ஸ்' என்று பத்து மாதத்துக்குக் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது குறைவாகத் தெரியும். அதனால் 'டேமேஜ் டெபாசிட்' என்று இன்னொரு தொகை கேட்டாலும் தலையாட்டிவிடுகிறார்கள். ஒன்டாரியோ சட்டப்படி அப்படி வாங்க முடியாது. அந்த மூன்று சொற்களின் வித்தியாசம் தெரிந்தால் ஒரு மாத வாடகை கையில் மிஞ்சும்.

கடையில் இதே கதை வேறு மாதிரி. 'லேடீஸ் ஃபிங்கர்', 'பிரிஞ்ஜால்', 'கேப்சிகம்', 'கர்ட்' நான்கும் ஊர் ஆங்கிலம். அங்கே 'ஓக்ரா', 'எக்பிளான்ட்', 'பெல் பெப்பர்', 'யோகர்ட்'. கொத்தமல்லித் தழை 'சிலான்ட்ரோ'. மைதா 'ஆல் பர்பஸ் ஃப்ளவர்'. ஆட்டுக்கறி வேண்டுமென்றால் 'கோட்' என்று கேட்க வேண்டும். 'மட்டன்' என்றால் செம்மறி என்று நினைப்பார்கள். இதில் உண்மையிலேயே சமையலைக் கெடுப்பது 'கார்ன் ஃப்ளவர்'. ஊரில் சூப்பைக் கெட்டியாக்கப் போடும் வெள்ளை மாவுக்கு அதுதான் பெயர். கனடாவில் அந்தப் பெயரில் இருப்பது சோளத்தை அப்படியே அரைத்த மஞ்சள் மாவு. அது சூப்பில் மணல்மணலாக நிற்கும். கேட்க வேண்டியது 'கார்ன் ஸ்டார்ச்'. காய்கறி விலைப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு பவுண்டின் விலை, அதாவது சுமார் 454 கிராமுக்கு. கிலோ விலை பக்கத்தில் சின்னதாக இருக்கும். பெரிய எழுத்தைக் கிலோ விலை என்று நினைத்தால் பில் இரண்டு மடங்குக்கு மேல் வரும்.

டொராண்டோவில் தமிழர் அதிகம் வாழும் ஸ்கார்பரோ பகுதியில் தமிழ்க் கடையிலேயே எல்லாம் வாங்கிவிடலாம் என்பது உண்மைதான். பல வருடம் கழித்தும் சொல் சேராமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேறு சில: 'பாஸ் அவுட்' ஆனேன் என்றால் மயங்கி விழுந்தேன் என்று பொருள், படிப்பை முடித்ததற்கு 'கிராஜுவேட்டட்'. 'டவுட்' இருக்கிறது என்றால் நம்பவில்லை என்பது போலத் தொனிக்கும்; 'கொஸ்டின்' இருக்கிறது என்று சொல்லுங்கள். சாப்பாடு பார்சல் என்பதற்கு 'டு கோ' அல்லது 'டேக் அவுட்'. பிள்ளையின் பென்சில் பெட்டியில் இருப்பது 'இரேசர்'. 'ரப்பர்' என்று பள்ளியில் கேட்க வேண்டாம், அங்கே அது ஆணுறைக்கான பேச்சுச் சொல்.

உடம்பைப் பற்றி ஒற்றைச் சொல்லில் பேசுவது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தமிழும் ஆங்கிலமும் உடம்பை வெவ்வேறு இடத்தில் வெட்டுகின்றன. தோளிலிருந்து விரல்நுனி வரை நமக்குக் 'கை'. ஆங்கிலத்தில் மணிக்கட்டுக்குக் கீழேதான் 'ஹேண்ட்', மேலே முழுவதும் 'ஆர்ம்'. கால் அதேபோல: கணுக்காலுக்குக் கீழே 'ஃபுட்', மேலே 'லெக்'. கைவிரல் 'ஃபிங்கர்', கால்விரல் 'டோ'. நெஞ்சிலிருந்து இடது கை வழியாக வலி இறங்குகிறது என்பதை 'லெஃப்ட் ஹேண்ட் பெயின்' என்று சொன்னால், கேட்பவர் உள்ளங்கையையும் விரலையும் நினைப்பார். சொல்ல வேண்டியது 'பெயின் இன் மை லெஃப்ட் ஆர்ம்'. மாரடைப்பைச் சந்தேகிக்கும் நேரத்தில் இந்த ஒரு சொல் மாறுவது சின்ன விஷயமில்லை.

அடுத்தது 'மயக்கம்'. தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம். ஆங்கிலத்தில் தலை சுற்றுவது 'டிஸி'. மயங்கி விழுந்தது 'ஃபெயின்டெட்'. இன்னும் எழவில்லை என்றால் 'அன்கான்ஷியஸ்' அல்லது 'நாட் வேக்கிங் அப்'. அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தால் முதலில் போலீஸா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா என்று கேட்பார்கள். பிறகு 'இஸ் ஹி அவேக்? இஸ் ஹி பிரீதிங்?' என்று கேட்பார்கள். விழித்திருக்கிறாரா, மூச்சு இருக்கிறதா என்பதுதான் அந்த இரண்டும். இந்த வாக்கியங்களைக் காதால் கேட்டுப் பழகியிருக்க வேண்டும். ஆங்கிலம் ஓடவில்லையென்றால் 'டமில்' என்று மட்டும் சொன்னாலும் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பார்கள். அந்த நேரத்தில் சிறப்பு ழகரத்தைத் திருத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

வலிக்கு நம்மிடம் இருக்கும் சொற்களுக்கு ஆங்கிலத்திலும் இணை உண்டு. ஆனால் 'பெயின்' என்ற ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறோம். குத்துகிறது: 'ஷார்ப்'. விண்விண் என்று தெறிக்கிறது: 'த்ராபிங்'. எரிகிறது: 'பர்னிங்'. மந்தமாக வலித்துக்கொண்டே இருக்கிறது: 'டல் ஏக்'. மரத்துப்போகிறது: 'நம்'. தசை பிடித்துக்கொள்கிறது: 'கிராம்ப்'. சுளுக்கு: 'ஸ்ப்ரெய்ன்'. விட்டுவிட்டு வருகிறது என்பதற்கு 'இட் கம்ஸ் அண்ட் கோஸ்' என்ற ஒரு வாக்கியம் போதும். 'சுகர் இருக்கு', 'பிரஷர் இருக்கு', 'லூஸ் மோஷன்' எல்லாம் நம்மூர் மருத்துவருக்குப் புரியும். அங்கே 'டயபடீஸ்', 'ஹை பிளட் பிரஷர்', 'டயரியா'. வலிப்புக்கு 'ஃபிட்ஸ்' என்பதைவிட 'சீஷர்' பாதுகாப்பு.

வினைச்சொல் இல்லாமல் பெயர்ச்சொல்லை மட்டும் சேர்ப்பது

தமிழில் 'போடு' ஒன்றை வைத்தே பாதி நாளை ஓட்டிவிடலாம். லைட்டைப் போடு, டீ போடு, மாத்திரை போடு, கையெழுத்துப் போடு, சட்டை போடு, குப்பையைப் போடு, ஃபோன் போடு. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றும் ஒரு வினை: 'டர்ன் ஆன்', 'மேக்', 'டேக்', 'சைன்', 'புட் ஆன்', 'த்ரோ அவுட்', 'கால்'. 'டேப்லெட்' என்ற சொல் தெரிந்தும் 'ஐ புட் டேப்லெட்' என்று வருவதற்குக் காரணம், நோட்டில் பெயர்ச்சொல் மட்டும் ஏறியதுதான். 'பிரிஸ்கிரிப்ஷன்' என்று எழுதும்போதே 'ஃபில் எ பிரிஸ்கிரிப்ஷன்' என்று ஜோடியாக எழுதுங்கள். இங்கே 'ஃபில்' என்பது படிவம் நிரப்புவது இல்லை. சீட்டைக் காட்டி மருந்து வாங்குவது.

'ஆமா, இல்லை' சிக்கல்

"கார்டு கொண்டுவரவில்லையா?" என்று கேட்டால் தமிழில் "ஆமா, கொண்டுவரவில்லை" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வது நம் வழக்கம். ஆங்கிலத்தில் 'யெஸ்' என்றால் கார்டு இருக்கிறது, 'நோ' என்றால் இல்லை, கேள்வி எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும். வங்கியிலும் கிளினிக் கவுன்ட்டரிலும் ஒற்றை 'யெஸ்'ஸால் வரிசையே குழம்பும். வழி எளிது: ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் 'நோ, ஐ டோன்ட் ஹாவ் இட்' என்று முழுதாகச் சொல்லிவிடுவது. 'டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?' என்று பஸ்ஸில் கேட்பவருக்கும் இதே சிக்கல்: 'நோ' என்றால்தான் உட்காரலாம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று மரியாதை. தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது: 'கொடு' என்பது 'கொடுங்க' ஆனால் போதும். ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. அதனால் மனதில் 'கொடுங்க' என்று நினைத்துச் சொன்ன 'கிவ் மீ ஒன் காஃபி', கேட்பவருக்குக் 'கொடு' என்று விழுகிறது. 'குட் ஐ கெட்' (could I get) என்று தொடங்கி 'பிளீஸ்' என்று முடிப்பதுதான் அங்கே 'ங்க'. வார்த்தைக்கு வார்த்தை 'சார்' போடுவது அந்த இடத்தை நிரப்பாது.

எண்ணும் பெயரும்

பதினைந்தும் ஐம்பதும் ஃபோனில் ஒன்றாகக் கேட்கும். 'ஃபிஃப்டீன்' என்பதில் இரண்டாம் பாதியையும் 'ஃபிஃப்டி' என்பதில் முதல் பாதியையும் அழுத்த வேண்டும். அப்படியும் சந்தேகம் என்றால் 'ஒன் ஃபைவ்' என்று பிரித்துச் சொல்வதில் வெட்கமில்லை. வாடகை 'ஃபிஃப்டீன் ஃபிஃப்டி' என்றால் 1,550 டாலர். தொலைபேசி எண்ணில் 'டபுள் த்ரீ' வேண்டாம், 'த்ரீ த்ரீ'. லட்சம் எடுபடாது; ஒரு லட்சம் என்பது 'ஹண்ட்ரட் தவுசண்ட்'. ஒரு டாலர் காசு 'லூனி', இரண்டு டாலர் 'டூனி'. பெரும்பாலான பொருளின் சீட்டில் உள்ள விலையோடு கவுன்ட்டரில் 13 சதவீத எச்.எஸ்.டி. வரி சேரும். 'பிளஸ் டாக்ஸ்' என்ற இரண்டு சொல்லைக் கவனிக்காமல் சரியாக எண்ணிக் காசு கொண்டுபோனால் போதாது.

'லாஸ்ட் நேம்' என்ற கட்டத்தில் பலருக்கு அப்பாவின் பெயர் ஏறிவிடுகிறது. தவறில்லை. ஆனால் கிளினிக்கில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதுவும் வேறு உச்சரிப்பில். அப்பா பெயர் காதில் விழுந்தால் எழுந்து போக வேண்டியது நீங்கள்தான். எழுத்துக்கூட்டும்போது 'வி' என்பதும் 'பி' என்பதும் குழம்பும் என்பதால் 'வி ஆஸ் இன் விக்டர்' போலச் சொல்லிப் பழகலாம்.

பட்டியலை மனப்பாடம் செய்வது

'தினம் 20 சொல்' என்ற திட்டம் இரண்டாவது வாரத்திலேயே படுத்துவிடும். காரணம், அகரவரிசையில் வந்த சொல்லுக்கு அன்று வேலை இருப்பதில்லை. புதிதாக வந்தவர்களுக்கு அரசு இலவசமாக நடத்தும் 'லிங்க்' மொழி வகுப்பில் சேர்ந்தாலும் வகுப்பு முடிந்த பின்னான நேரம்தான் அதிகம். எனவே நோட்டை இடவாரியாகப் பிரியுங்கள்: பஸ், மளிகை, வங்கி, பள்ளி, கிளினிக். ஒரு பக்கத்தில் ஐந்து முதல் ஏழு வரிகள், அதற்கு மேல் வேண்டாம். இடப்பக்கம் அவர்கள் கேட்பது, வலப்பக்கம் நாம் சொல்வது. பெரும்பாலானவர்கள் நாம் சொல்ல வேண்டியதை மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். சொல்லிவிட்டு, வரும் பதிலில் மாட்டிக்கொள்கிறார்கள். காதில் எப்படி விழுந்ததோ அப்படியே தமிழெழுத்தில் குறியுங்கள், ஆனால் ஆங்கில எழுத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். தமிழெழுத்துக்கு 'கோட்' என்றால் ஆடா மேலங்கியா என்று தெரியாது. எழுதிய பக்கத்தை மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள். சூப்பர்மார்க்கெட் வாரத் தள்ளுபடி இதழ் நல்ல பாடநூல்: படம், பெயர், விலை மூன்றும் ஒன்றாக இருக்கும், வாரம் தவறாமல் புதிதாக வரும்.

மருந்துக் கடைப் பக்கம் இப்படி இருக்கலாம். அவர்கள்: 'பிக்கிங் அப் ஆர் டிராப்பிங் ஆஃப்?' மருந்து வாங்க வந்தீர்களா, சீட்டுக் கொடுக்க வந்தீர்களா. 'டேட் ஆஃப் பர்த்?' 'எனி அலர்ஜீஸ்?' 'டூ யூ ஹாவ் கவரேஜ்?' கடைசியில் கேட்பது காப்பீடு. நாம்: 'டூ ஐ டேக் இட் வித் ஃபுட்?' 'ஹவ் மெனி டைம்ஸ் எ டே?' 'கேன் ஐ கெட் எ ரீஃபில்?' அடியில் ஒரு வரியை மட்டும் சிவப்பில் எழுதுங்கள். பாராசிட்டமால் என்று கேட்டுத் தேட வேண்டாம்; அங்கே அதன் பெயர் 'அசெட்டமினோஃபென்', பலர் சொல்வது 'டைலனால்'. சளி மருந்து பலவற்றிலும் அதே பொருள் இருக்கும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. காய்ச்சலுக்கு ஒரு பெட்டி, சளிக்கு ஒரு பெட்டி என்று இரண்டையும் எடுக்கும் முன், இரண்டின் பின்பக்கத்திலும் அந்த நீளமான சொல் இருக்கிறதா என்று பாருங்கள். குழப்பமாக இருந்தால் பெட்டிகளை மருந்தாளரிடம் காட்டி, 'கேன் ஐ டேக் தீஸ் டுகெதர்?'