இணைக் கல்லூரிகளின் பட்டப்பெயர்களையும் மரபுகளையும் பதிவுசெய்யும் முறை

யாழ்ப்பாணத்தில் 1823இல் தொடங்கிய பரி. யோவான் கல்லூரியும் 1896இல் தொடங்கிய சுண்டுக்குளி மகளிர் கல்லூரியும் அங்கிலிக்கன் மிஷன் வழிவந்தவை. மத்திய கல்லூரியையும் வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலையையும் மெதடிஸ்த மிஷன் வளர்த்தது. இவ்வாறு ஒரே மிஷன் வழிவந்த ஆண்கள், மகளிர் கல்லூரிகளையே இணைக் கல்லூரிகள் என்கிறோம். அண்ணன் ஒன்றிலும் தங்கை அதன் இணைக் கல்லூரியிலும் படித்த வீடுகள் பல இருப்பதால், பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு மலர் தயாரிப்போர் இரு பக்கத்தாரையும் விசாரித்தே எழுத வேண்டும்.

பட்டப்பெயரை மட்டும் குறித்துக்கொண்டால் பயனில்லை. யார் தெளித்த பட்டம், எந்த வகுப்பில், என்ன சம்பவத்தால் என்பவற்றையும் எழுதுங்கள். ஆசிரியர் ஒருவரின் பட்டம் தமையன் வாயிலாகத் தங்கையின் வகுப்புக்கும் போயிருக்கக்கூடும்; அங்கே வேறு காரணம் சொல்லப்பட்டால் இரண்டையும் பதியுங்கள். உயர்தரப் பரீட்சை எழுதிய ஆண்டைக் கொண்டே வகுப்புத் தோழர்களை அடையாளம் காண்பது நம் வழக்கம் என்றாலும், போரால் யாழ்ப்பாண மக்கள் வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு பல வகுப்புகளைச் சிதறடித்ததால், கல்லூரியில் சேர்ந்த ஆண்டையும் பரீட்சை எழுதிய இடத்தையும் தனித்தனியே கேட்பது அவசியம்.

அச்சிடுவதற்கு உரியவரின் சம்மதம் வேண்டும். அதை நண்பர்கள் சூழ்ந்திருக்கையில் கேட்காதீர்கள். கூட்டத்தில் சிரித்துக்கொண்டே தலையாட்டுபவருக்கு உள்ளே வருத்தம் இருக்கலாம். சாதியையோ உடற்குறையையோ வறுமையையோ குத்திக்காட்டும் பட்டத்தை, அவரே இசைந்தாலும் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மறைந்த ஆசிரியர்களின் பட்டங்களுக்கு அவர்களது குடும்பத்தினரிடம் கேளுங்கள்.

மரபுகளில் முதலிடம் 1904இல் தொடங்கிய வடக்கின் பெரும் போருக்கே கிடைக்கும். பரி. யோவானும் மத்திய கல்லூரியும் மோதும் இத்துடுப்பாட்டத்தின் ஓட்டக் கணக்குகள் ஏற்கெனவே பதிவாகியுள்ளன. ஆகவே நீங்கள் தேட வேண்டியவை வேறு. கொடியை யார் தைத்தார்கள், பாண்ட் வாத்தியத்துக்குப் பணம் எப்படிச் சேர்ந்தது, ஊர்வலம் எந்தத் தெருக்களால் போனது, சுண்டுக்குளி, வேம்படி மாணவியர் ஆட்டத்தை எங்கிருந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். வழக்கங்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருப்பதால், ஒவ்வொரு விவரத்தின் அருகிலும் சொன்னவர் படித்த ஆண்டுகளைக் குறிப்பிடுங்கள்.

விடுதி வாழ்க்கை, இல்ல விளையாட்டுப் போட்டி, கரோல் ஆராதனை ஆகியவற்றையும் இவ்வாறே திரட்டலாம். இறுதிப் படியை இரு கல்லூரிகளையும் சேர்ந்த மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் படித்துத் திருத்திய பின்பே அச்சுக்கு அனுப்புங்கள்.