வெளிநோயாளிகளிடம் ஆய்வுக்குத் தகவல் திரட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் பலதுறை மருந்தகத்தில் (அரசு வெளிநோயாளர் மருத்துவ நிலையம்) வரிசை எண்ணோடு உட்கார்ந்திருப்பவரின் கண், எண் காட்டும் திரையை விட்டு நகராது. அந்த நேரத்தில் அவரிடம் நாற்பது கேள்விகளை நீட்டுவதுதான் முதல் தவறு. எண் வந்துவிடுமோ என்ற பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் “ஆமா, ஆமா” என்பார். வார்டில் படுத்திருப்பவரை நாளைக்கும் கேட்கலாம். வெளிநோயாளி மருந்தை வாங்கியதும் கிளம்பிவிடுவார், திரும்பி வர மாதக்கணக்காகும். மருத்துவரைப் பார்த்துவிட்டு மருந்துக்குக் காத்திருக்கும்போது கேளுங்கள். அதுவும் பத்து நிமிடத்துக்குள் முடியட்டும்.

அடுத்தது மொழி. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். படிவத்தில் ‘நீரிழிவு’ என்று இருக்கும். இங்கே வயதானவர்கள் பலருக்கு அது ‘இனிப்பு நீர்’. சொல் புரியாமல் “இல்லை” என்று சொன்னாலும் அது தரவாகப் பதிந்துவிடும். கேட்கும் விதமும் அப்படித்தான். “மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?” என்றால், “சாப்பிடுறேன்” என்பதுதான் பதில், கேட்பவர் மனம் நோகக் கூடாதே! “போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். “வெள்ளிக்கிழமை விரதம், அன்னைக்கு மட்டும் போடல” என்று வரும். கூட வந்த மகனோ பணிப்பெண்ணோ முந்திக்கொண்டு பதில் சொன்னால், யார் சொன்னது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மருந்தகப் பதிவை மட்டும் நம்புவதும் தவறு. வீட்டுக்குக் கீழே உள்ள தனியார் கிளினிக்கில் வாங்கிய மாத்திரை, ஊருக்குப் போய் வந்தபோது கொண்டுவந்த மாத்திரை எல்லாம் அதில் இருக்காது. 2023இல் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ என்ற சிங்கப்பூர் அரசின் நோய்த்தடுப்புத் திட்டம் ஆளுக்கொரு கிளினிக் என்று பதியச் சொல்கிறது. ஆனாலும் பையைத் திறந்து காட்டச் சொல்வதற்கு ஈடு கிடையாது.

காலை நேரத்தில் மட்டும் ஆள் சேர்த்தால் ஓய்வுபெற்றவர்களே நிறைவார்கள். ஷிப்ட் வேலைக்காரர்கள் விடுபடுவார்கள்.

அப்புறம் அடையாள அட்டை எண். சட்டப்படி தேவை என்றாலோ, ஆளைத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர நிறுவனங்கள் அதை வாங்கக் கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆய்வுக்கென்று தனிக் குறியீட்டு எண் கொடுங்கள்; பெயரோடு அதைச் சேர்க்கும் பட்டியலை வேறு கோப்பில் பூட்டி வையுங்கள். பதில் வராத கட்டத்தில் பூஜ்யம் போடாதீர்கள். ‘கேட்கவில்லை’, ‘சொல்லவில்லை’, ‘தெரியாது’ என மூன்றுக்கும் தனித்தனிக் குறி வேண்டும்.