மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

மார்பகப் புற்றுநோயைத் தவிர்க்க என்ன சாப்பிட வேண்டும் என்றுதான் பெரும்பாலானோர் முதலில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உணவுக்கு முன்பே கவனிக்க வேண்டியவை சில உள்ளன. அவற்றுக்குக் கிடைத்திருக்கும் சான்றுகள், எந்தவொரு காய்க்கும் பழத்துக்கும் கிடைத்திருக்கும் சான்றுகளைவிட உறுதியானவை. ஆகவே மது, உடல் எடை, உடலுழைப்பு, தாய்ப்பால் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு அதன் பிறகே உணவுத் தட்டுக்கு வருவோம்.

2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 6,70,000 பேர் உயிரிழந்தனர். பெண்ணாகப் பிறந்திருப்பதும் வயது ஏறுவதுமே இதற்கான மிகப் பெரிய காரணிகள். இரண்டையும் யாராலும் மாற்ற இயலாது. நோயாளிகளில் 5 முதல் 10 சதவீதத்தினருக்குப் பரம்பரையாக வந்த மரபணு மாற்றம் காரணமாகிறது. பழக்கங்களால் அபாயத்தைக் குறைக்க முடியுமே தவிர, முற்றிலும் நீக்க முடியாது. நல்ல பழக்கங்களோடு வாழ்ந்தவர்களுக்கும் இந்நோய் வருகிறது என்பதால், நோயுற்ற ஒருவரிடம் "நீங்கள் எதைத் தவறாகச் செய்தீர்கள்?" என்று கேட்பது அறிவியலுக்கும் பொருந்தாது, அன்புக்கும் பொருந்தாது.

கீழே வரும் அறிவுரைகளில் பலவற்றை இணைக்கும் இழை ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். மார்பகத்தின் உயிரணுக்களைப் பெருகத் தூண்டும் இந்த ஹார்மோனுக்கு அவை எவ்வளவு அதிகமாகவும் எவ்வளவு காலமாகவும் ஆட்படுகின்றனவோ, அந்த அளவுக்குப் பிழையான உயிரணு ஒன்று தோன்றி வளரும் வாய்ப்பும் கூடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பழக்கமும் ஏன் பரிந்துரைக்கப்படுகிறது என்பது எளிதில் விளங்கும்.

முதலில் மது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவை 1988-லேயே உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது; மார்பகப் புற்றுநோய்க்கும் அது காரணம் என்று 2007-இல் அறிவித்தது. உடலில் மது சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு மரபணுப் பொருளைச் சேதப்படுத்துகிறது. இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவையும் மது உயர்த்துகிறது. நாளொன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால், அதாவது சுமார் 100 மில்லி ஒயின் அல்லது 250 மில்லி பீர், அபாயத்தை 7 முதல் 10 சதவீதம் வரை கூட்டுகிறது. இந்தச் சதவீதத்தைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். மது அருந்தாத ஆயிரம் பெண்களில் நூறு பேருக்கு வாழ்நாளில் இந்நோய் வரும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அவர்கள் நாள்தோறும் அந்த அளவு குடித்திருந்தால் நூறு என்பது 107 அல்லது 110 ஆகியிருக்கும். அளவு கூடக் கூட அபாயமும் கூடுகிறது. ஒயின் இதயத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டு அருந்தத் தொடங்கியவர்கள், மார்பகத்தைப் பொறுத்தவரை ஒயினுக்கும் மற்ற மதுவுக்கும் வேறுபாடு இல்லை என்பதை அறிந்துகொள்ள வேண்டும். குடிக்காதவர்கள் தொடங்கவே வேண்டாம். குடிப்பவர்கள் எவ்வளவு குறைத்தாலும் அது பயன்தான்.

அடுத்து உடல் எடை. மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைப் பெருமளவு நிறுத்திவிடுகின்றன. அதன் பின் அந்த ஹார்மோனின் முதன்மை ஊற்றாக இருப்பது கொழுப்புத் திசு. அதிலுள்ள அரோமடேஸ் என்னும் நொதி, ஆண்ட்ரோஜன்கள் எனப்படும் ஆண்பால் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு மிகுந்தால் ஈஸ்ட்ரோஜனும் மிகும் என்பதால்தான் மாதவிடாய் நிறைவுக்குப் பின் உடற்பருமன் அபாயத்தைக் கூட்டுகிறது. மாதவிடாய் நிற்கும் முன் வரும் புற்றுநோயில் இந்தத் தொடர்பு இப்படி அமைவதில்லை. ஆனால் இளமையில் ஏறிய எடை எளிதில் இறங்குவதில்லை என்பதால், அதைக் காரணம் காட்டி அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. பட்டினி கிடந்து வேகமாக இளைப்பதைவிட, முப்பது வயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறும் எடையைத் தடுத்து நிறுத்துவதே பலருக்கும் நடைமுறையில் கைகூடும் இலக்கு என்பது என் கருத்து. மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைப்பது அதற்குப் போதுமான தொடக்கம்.

எடை குறையாவிட்டாலும் உடலுழைப்பு தனக்கென ஒரு பயனைத் தருகிறது. மிகக் குறைவாக உடலை அசைப்பவர்களோடு ஒப்பிட்டால், நன்கு இயங்குபவர்களுக்கு அபாயம் சுமார் 10 முதல் 20 சதவீதம் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான உழைப்பு, இவற்றோடு இரண்டு நாட்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கும் விறுவிறு நடை மிதமான உழைப்பு ஆகும். இதுவரை எதுவுமே செய்யாதவர்கள் நாளுக்குப் பத்து நிமிட நடையில் தொடங்கி, வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டு போகலாம்.

தாய்ப்பால் குழந்தைக்கு மட்டுமன்றித் தாய்க்கும் காப்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, கன்னியாஸ்திரீகளிடையே மார்பகப் புற்றுநோய் அதிகம் காணப்படுவதைக் கவனித்து எழுதினார். மகப்பேறும் பாலூட்டலும் அளிக்கும் காப்பை அறிவியல் அளந்து சொன்னது மிகப் பிற்காலத்தில்தான். 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002-இல் வெளியான பகுப்பாய்வின்படி, ஒரு பெண் தன் வாழ்நாளில் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது. பாலூட்ட இயலாத தாய்மார்கள் இதனால் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. மற்ற வழிகள் அவர்களுக்கும் திறந்தே இருக்கின்றன.

இனி உணவு. தனியொரு உணவு இந்நோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. மொத்த உணவு முறையே கணக்கில் வருகிறது. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஒரு பிரிவினர் கொழுப்பைக் குறைத்து, காய்கறி, பழம், தானியங்களைக் கூட்டி உண்டனர். புதிதாக நோய் வந்தவர்களின் எண்ணிக்கையில் திட்டவட்டமான வேறுபாடு தெரியவில்லை. ஆயினும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்காணித்தபோது, மார்பகப் புற்றுநோயால் நேர்ந்த இறப்பு அந்தப் பிரிவினரிடம் 21 சதவீதம் குறைவாக இருந்தது. எனவே தட்டில் பாதியைக் காய்கறிகளாலும் பழங்களாலும் நிரப்பி, மீதியில் முழுதானியங்களுக்கும் பருப்பு, பயறு வகைகளுக்கும் முதலிடம் தரலாம். நாளுக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் என்பது குறைந்தபட்ச அளவு. சர்க்கரை சேர்த்த பானங்களையும் பதப்படுத்திய இறைச்சியையும் அரிதாக்க வேண்டும்.

சோயாவைக் கண்டு அஞ்சுவோர் பலர். அதிலுள்ள ஐசோஃபிளேவோன்கள் ஈஸ்ட்ரோஜனின் அமைப்பை ஒத்திருப்பதே அந்த அச்சத்துக்குக் காரணம். ஆனால் உணவாக உண்ணும் சோயா அபாயத்தைக் கூட்டுவதாக மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டவில்லை. ஐசோஃபிளேவோன்களைச் செறிவாக அடைத்த மாத்திரைகளுக்கு இந்த உறுதியைத் தர இயலாது. பொதுவாகவே மாத்திரைகள் உணவுக்கு ஈடாவதில்லை. பீட்டா கரோட்டின் மாத்திரை புகைபிடிப்போருக்கு நுரையீரல் புற்றுநோயைக் கூட்டியது என்பது 1990-களின் கசப்பான பாடம்.

மாதவிடாய் நிறைவின் தொல்லைகளுக்காக ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்னும் செயற்கை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரைகளைப் பல ஆண்டுகள் உட்கொள்வதும் அபாயத்தைக் கூட்டும். இது 2002-இல் தெளிவானது. அதற்காகத் தாமாக நிறுத்திவிடாமல், எவ்வளவு குறைந்த காலம் போதும் என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். புகைப்பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பதைத் தனியே விளக்கத் தேவையில்லை. தாய், சகோதரி, மகள் ஆகியோரில் எவருக்கேனும், குறிப்பாக இளம் வயதில், இந்நோய் வந்திருந்தால் பழக்கங்களை மட்டும் நம்பியிராமல் மரபியல் ஆலோசனை பெற வேண்டும்; அபாயம் மிகுந்தவர்களுக்குத் தமொக்சிஃபென் போன்ற தடுப்பு மருந்துகளும் உள்ளன.

இவை அனைத்தையும் பின்பற்றுபவர்களும் தங்கள் வயதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்-ரே பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மார்பிலோ அக்குளிலோ புதிய கட்டி, தோலில் குழிவு, உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும், ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கட்டி வலிக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். புற்றுநோய்க் கட்டிகள் பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை.